வீட்டு வரி ரசீதில் இருக்கும் நூலகம்

உங்கள் வீட்டு வரி ரசீதை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். ஊருக்கு ஊர் ரசீதின் வடிவம் மாறும். சிலவற்றில் நூலக வரி என்று தனியாக அச்சிட்டிருக்கும், சிலவற்றில் மொத்தத் தொகைக்குள் அடங்கியிருக்கும். எப்படி இருந்தாலும், தமிழ்நாட்டில் சொத்து வரி கட்டுகிறவர் நூலகத்துக்கும் சேர்த்தே கட்டுகிறார். ரூபாய்க்கு 10 பைசா என்பது கணக்கு. 2,000 ரூபாய் வரி என்றால் அதையொட்டி 200 ரூபாய். வாடகை வீட்டில் இருப்பவர்களும் இதில் அடக்கம்தான். வீட்டுக்காரர் கட்டுகிற வரி கடைசியில் வாடகையில்தானே வந்து நிற்கிறது.

இதை முதலிலேயே சொல்லக் காரணம் உண்டு. நூலகம் என்றதும் பலருக்கு ஒரு தயக்கம் வருகிறது. யார் வேண்டுமானாலும் போகலாமா, ஏதாவது கேட்பார்களா, அது படிக்கிற பிள்ளைகளுக்குத்தானே என்று நினைக்கிறார்கள். பதினைந்து வருஷமாக எங்கள் கிளை நூலகத்தைத் தாண்டித் தினமும் கடைக்குப் போய்வரும் அக்கா ஒருவர், ஒருநாள் என்னிடம் "உள்ளே போக டிக்கெட் எடுக்கணுமா தம்பி?" என்று கேட்டார். எனக்குச் சங்கடமாகப் போயிற்று. இது உங்கள் இடம் என்று அத்தனை வருஷத்தில் ஒருவரும் அவரிடம் சொல்லவில்லை, நான் உட்பட. அவரைப் போன்றவர்களை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். பொது நூலகம் என்றால் என்ன, அது எப்படி வந்தது, யார் காசில் ஓடுகிறது, ஒரு பேட்டைக்கு அது என்ன செய்கிறது என்று அடியிலிருந்து பார்ப்போம்.

பொது என்றால் என்ன?

புத்தகம் நிறைய இருந்துவிட்டால் மட்டும் ஓர் இடம் பொது நூலகம் ஆகிவிடாது. தஞ்சாவூர் சரசுவதி மகாலை எடுத்துக்கொள்ளுங்கள். நாயக்கர் காலத்தில் தொடங்கி, மராட்டிய மன்னர் இரண்டாம் சரபோஜியின் காலத்தில் பெருகிய சுவடிச் செல்வம் அது. ஆனால் நெடுங்காலம் அது அரண்மனையின் நூலகம். பொதுமக்களுக்கு உரியதாக ஆனது 1918-இல்தான். மடங்களிலும் புலவர் வீடுகளிலும்கூட ஏடுகள் குவிந்து கிடந்தன. உ.வே. சாமிநாதையர் அவற்றைத் தேடி ஊர் ஊராக அலைந்த கதை நமக்குத் தெரியும். வைத்திருந்தவர் மனம் வைத்தால் பார்க்கலாம், இல்லையென்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

பள்ளி நூலகம் மாணவருக்கு, அலுவலக நூலகம் ஊழியருக்கு. பொது நூலகத்தில் மட்டும்தான் 'நீ யார்' என்ற கேள்வி கிடையாது. சாதி, மதம், படிப்பு, வருமானம் எதையும் பார்க்காமல் உள்ளே விட வேண்டும் என்பது அதன் அடிப்படை. மக்கள் பணத்தில், ஒரு சட்டத்தின்படி, எல்லாருக்குமாக நடப்பது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அது வேறொன்றாகிவிடும். நல்ல மனசுள்ள ஒருவர் தன் வீட்டுத் திண்ணையில் படிப்பகம் வைப்பது பெரிய காரியம்தான். ஆனால் அவர் வீட்டை விற்றால் படிப்பகமும் போய்விடும்.

அதற்காக அந்தப் படிப்பகங்களைக் குறைத்துச் சொல்லக் கூடாது. நம் ஊர்களில் வாசிப்பைப் பரப்பியதில் பெரும் பங்கு அவற்றுக்கு உண்டு. திராவிட இயக்கத்தாரும் பொதுவுடைமைக் கட்சியினரும் முச்சந்தி முச்சந்தியாகப் படிப்பகம் திறந்தார்கள். தேநீர்க் கடை பெஞ்சிலும் படிப்பகத் திண்ணையிலும் ஒருவர் பத்திரிகையை உரக்கப் படிப்பார், எழுத்தறியாத நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள். அப்படிக் கேட்டே அரசியல் தெரிந்துகொண்ட ஒரு தலைமுறை இங்கே இருந்தது.

அதற்கும் முன்னால் மன்னார்குடியில் ஒரு மாட்டு வண்டி ஓடியது. 1931-இல், ஓய்வு பெற்ற பொறியாளர் கனகசபைப் பிள்ளை என்பவர் வண்டி நிறையப் புத்தகம் ஏற்றி, சுற்றியிருந்த கிராமங்களுக்கு அனுப்பினார். மேலவாசலில் தொடங்கிய பயணம் அது. நூலகத்துக்கு மக்கள் வர முடியாவிட்டால் நூலகம் மக்களிடம் போகட்டும் என்று, சக்கரமும் மாடும் வைத்து ஒருவர் செய்து காட்டிவிட்டார்.

கணக்கு வாத்தியாரும் ஐந்து விதிகளும்

இந்தக் கதையில் தவிர்க்கவே முடியாத பெயர் சீர்காழி இராமாமிர்த இரங்கநாதன். 1892-இல் பிறந்தவர். சென்னையில் கணக்குப் பேராசிரியராக இருந்தவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். வந்து கொஞ்ச நாளிலேயே அவருக்கு வேலை அலுத்துவிட்டது. பேச ஆளில்லை, வாசகர் கூட்டமும் இல்லை. மறுபடி கணக்கு நடத்தவே போய்விடுகிறேன் என்று கேட்டிருக்கிறார். முதலில் லண்டன் போய் நூலகவியல் படித்துவிட்டு வாருங்கள், அப்புறமும் பிடிக்காவிட்டால் பார்க்கலாம் என்று அனுப்பிவைத்தார்கள்.

போன இடத்தில் அவரை மாற்றியவை அங்கிருந்த சாதாரண ஊர் நூலகங்கள். குழந்தைகளும் தொழிலாளிகளும் வீட்டுப் பெண்களும் இயல்பாக வந்து புத்தகம் எடுத்துப் போவதைப் பார்த்தார். திரும்பி வந்தவர் கணக்குப் பக்கம் போகவில்லை. 1928-இல் சென்னை நூலகச் சங்கம் உருவானதில் முன்நின்றார். 1931-இல் நூலகத்துக்கு ஐந்து விதிகளை வகுத்தார். 1933-இல் புத்தகங்களைப் பொருள்வாரியாகப் பிரித்து அடுக்க, கோலன் பகுப்பு முறை என்ற புதிய வகைப்பாட்டைத் தந்தார். அவர் பிறந்த நாளை ஒட்டி ஆகஸ்ட் 12 இந்தியாவில் நூலகர் நாளாகக் கொண்டாடப்படுகிறது.

அந்த ஐந்து விதிகளும் கேட்பதற்கு மிக எளியவை. புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம். ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர். வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்து. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் ஓர் உயிரி.

முதல் விதியைப் படிக்கும்போது 'இதைச் சொல்லவும் வேண்டுமா' என்று தோன்றும். சொல்ல வேண்டியிருந்தது. ஐரோப்பாவில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு கட்டி வைத்திருந்தார்கள். நம் ஊரில் சங்கிலிக்குப் பதில் பூட்டு. கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் அட்டை மங்காமல் இருக்கும் புத்தகங்களை எத்தனை பள்ளிகளில் பார்த்திருப்போம்! கிழிந்துவிடும், தொலைந்துவிடும் என்ற பயம் அது. யாரும் தொடாத புத்தகம் பூட்டுக்குள்ளேயே மக்கிப் போகிறது என்பதுதான் உண்மை. கிழிந்து, ஒட்டுப் போட்டு, பின்பக்கம் தேதி முத்திரைகள் நெருக்கியடித்திருக்கும் ஒரு புத்தகம் கிளை நூலகத்தில் கைக்கு வந்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருக்கும். அத்தனை பேர் வீட்டுக்குப் போய் வந்திருக்கிறதே!

இரண்டாவது விதி நீதி பற்றியது. முனைவர் பட்டம் வாங்கியவருக்கு ஒரு புத்தகம் இருந்தால், எழுத்துக் கூட்டிப் படிக்கும் கொத்தனாருக்கும் ஒன்று இருக்க வேண்டும். கண் தெரியாதவருக்குப் பிரெய்லி இருக்க வேண்டும். எழும்பூர் கன்னிமாராவிலும் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்திலும் பிரெய்லிப் பிரிவு இருப்பது இந்த விதியால்தான் என்று வைத்துக்கொள்ளலாம். மூன்றாவதும் ஐந்தாவதும் பெரும்பாலும் நூலகரின் வேலை சார்ந்தவை. நான்காவதை மட்டும் அடுத்த பகுதிக்கு வைத்துக்கொள்கிறேன்.

இரங்கநாதன் வெறும் விதியோடு நிற்கவில்லை. நூலகம் ஒரு புண்ணியவானின் தயவில் நடக்கக் கூடாது, சட்டத்தில் ஊன்றி நிற்க வேண்டும் என்று வருஷக்கணக்கில் வாதாடினார். அப்போது கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில், 1948-இல் சென்னைப் பொது நூலகச் சட்டம் நிறைவேறியது. விடுதலை பெற்ற இந்தியாவில் இயற்றப்பட்ட முதல் பொது நூலகச் சட்டம் அது. 1950-இல் நடைமுறைக்கு வந்தது. நாம் ஆரம்பத்தில் பார்த்த நூலக வரிக்கு வேர் இங்கேதான் இருக்கிறது. தொடக்கத்தில் விகிதம் குறைவாக இருந்தது, பிறகு படிப்படியாக ஏறியது.

இந்த வரியின் அருமை என்னவென்றால், இது வேறு செலவுக்குப் போகக் கூடாத பணம். மாநகராட்சியோ நகராட்சியோ ஊராட்சியோ வசூலித்து, அந்தந்த மாவட்டத்து நூலக ஆணைக்குழுவிடம் கொடுக்க வேண்டும். அந்தக் குழு அதைக் கொண்டு நூலகங்களை நடத்தும். மேலே பொது நூலக இயக்ககம், கீழே மாவட்ட மைய நூலகம், அதற்கும் கீழே கிளை நூலகம், ஊர்ப்புற நூலகம், பகுதி நேர நூலகம் என்று ஒரு மரம்போல விரியும். எல்லாம் சேர்த்து தமிழ்நாட்டில் 4,600-க்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. உங்கள் பேட்டையில் இருப்பது பெரும்பாலும் இந்த மரத்தின் ஒரு கிளை.

ஒரு புத்தகம் உங்கள் கைக்கு வரும் வழி

கிளை நூலகத்துப் புத்தகத்தைத் திறந்தால் முதல் பக்கத்தில் ஒரு வட்ட முத்திரையும் ஓர் எண்ணும் இருக்கும். அந்த எண், பதிவேட்டில் அந்தப் புத்தகத்துக்கு இடப்பட்ட வரிசை எண். அந்தப் பிரதிக்கு மட்டுமே உரியது. ஒரே நாவல் மூன்று பிரதி இருந்தால் மூன்றுக்கும் மூன்று எண்.

முதுகில் ஒட்டியிருக்கும் எண் வேறு. அது பொருளைச் சொல்வது. இரங்கநாதனின் கோலன் முறை தவிர, உலகெங்கும் அதிகம் வழங்குவது 1876-இல் மெல்வில் டூயி வெளியிட்ட தசமப் பகுப்பு முறை. அறிவு முழுவதையும் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் மீண்டும் பத்தாகப் பிரித்துக்கொண்டே போவது. 500 என்றால் அறிவியல், 800 என்றால் இலக்கியம், 900 என்றால் வரலாறும் புவியியலும். தமிழ் இலக்கியத்துக்கு 894.811. அவ்வளவு தூரத்தில் தமிழைக் கொண்டுபோய் வைத்திருக்கிறார்களே என்று எனக்கு வருத்தம் உண்டு. ஆங்கில இலக்கியத்துக்கு 820 என்று சுருக்கமாக ஓர் எண், நமக்குப் புள்ளி வைத்து மூன்று இலக்கம். அமெரிக்காவில் உட்கார்ந்து வகுத்த முறை அப்படித்தான் வரும். இருந்தாலும் அந்த எண்ணைத் தெரிந்து வைத்துக்கொண்டால், அந்த முறையைப் பின்பற்றும் எந்த ஊர் நூலகத்துக்குப் போனாலும் தமிழ் அடுக்கு முன்னால் போய் நின்றுவிடலாம். நான்காவது விதி சொல்கிற நேர மிச்சம் இதுதான்.

புத்தகம் எப்படித் தேர்வாகிறது என்று பலர் கேட்பார்கள். பெருமளவு கொள்முதல் மாநில அளவில் நடக்கிறது. பதிப்பகங்கள் விண்ணப்பிக்கும், தேர்வுக் குழு பார்க்கும், அப்புறம் ஆணை வரும். பதிப்பு உலகத்தில் இதை 'நூலக ஆணை' என்பார்கள். சில நூறு பிரதி மட்டுமே கடையில் விற்கும் ஒரு கவிதைத் தொகுப்போ ஆய்வு நூலோ அச்சேறத் துணிவதற்கு இந்த ஆணைதான் பின்பலம். ஆணை ஒரு வருஷம் தள்ளிப் போனால் சிறு பதிப்பாளர்கள் படும் பாட்டை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். ஆக, உங்கள் வீட்டு வரியின் ஒரு பகுதி தமிழில் புதிய புத்தகம் வருவதற்கும் போகிறது.

இன்னொரு வழியும் உண்டு, ஆனால் அது நான்கே நூலகங்களுக்கு. 1954-ஆம் ஆண்டின் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு பிரதி நான்கு நூலகங்களுக்குப் போக வேண்டும். அவற்றில் ஒன்று 1896-இல் திறக்கப்பட்ட நம் கன்னிமாரா. கிளை நூலகத்தில் கிடைக்காத பழைய புத்தகத்தைத் தேடிக் கடைசியாக அங்கே போய் நிற்பது இதனால்தான்.

ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து பார்த்தால்

நூலகத்தின் பங்கு என்ன என்பதை விளக்குவதைவிட, ஒரு கிளை நூலகத்தில் காலையிலிருந்து மாலைவரை யார் யார் வருகிறார்கள் என்று பார்த்தாலே விளங்கிவிடும்.

கதவு திறக்கும் முன்பே வாசலில் நாலைந்து பெரியவர்கள் நிற்பார்கள். ஓய்வு பெற்றவர்கள். வீட்டில் ஒரு பத்திரிகைதான் வாங்க முடியும், இங்கே ஏழெட்டு. தினத்தந்தி ஒருவர் கையில், தினமணி இன்னொருவர் கையில், நடுப்பக்கத்தை மட்டும் உருவி மூன்றாமவரிடம். யார் எந்த நாற்காலி என்பதுகூட எழுதாத சட்டமாக இருக்கும். இரண்டு நாள் ஒருவர் வரவில்லையென்றால் மூன்றாம் நாள் யாராவது வீட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். மனைவியை இழந்த பிறகு பேச ஆளில்லாமல் இருந்த ஒரு சார், இந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் காலையில் குளித்துச் சட்டை மாற்றுகிறேன் என்று சொன்னார். எந்தக் கணக்கிலும் ஏறாத பயன் இது.

அவர்கள் கலையும்போது இன்னொரு கூட்டம் வந்திருக்கும். தோளில் பை, கையில் தண்ணீர் பாட்டில், பழைய சமச்சீர்ப் பாடப் புத்தகங்கள். டி.என்.பி.எஸ்.சி., காவலர் தேர்வு, வங்கித் தேர்வு எழுதுகிறவர்கள். இவர்களில் பலர் நூலகத்துப் புத்தகத்தைத் தொடவே மாட்டார்கள், கொண்டுவந்ததைத்தான் படிப்பார்கள். நூலகத்துக்கு வந்து சொந்தப் புத்தகம் படிக்கிறார்களே என்று சிலர் குறைப்பட்டுக்கொள்வது உண்டு. நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஒற்றை அறை வீட்டில் தொலைக்காட்சி ஓடிக்கொண்டிருக்க, அடுப்பு எரிந்துகொண்டிருக்க, தம்பி தங்கைகள் விளையாட, ஒரு பெண் குரூப் 4-க்கு எங்கே உட்கார்ந்து படிப்பாள்? அவளுக்கு வேண்டியது ஒரு மேசை, ஒரு மின்விசிறி, சத்தமில்லாத நாலு மணி நேரம். பயிற்சி மையம் இதற்கு ஆயிரக்கணக்கில் கேட்கும். நூலகம் எதுவும் கேட்பதில்லை. நம் ஊரில் காசு கொடுக்காமல், ஏதும் வாங்காமல், 'எதுக்கு உட்கார்ந்திருக்கே' என்ற கேள்வி இல்லாமல் ஒரு பெண் நாள் முழுக்க உட்காரக்கூடிய இடங்களை எண்ணிப் பாருங்கள். கோயில் மண்டபம், நூலகம். அதற்கு மேல் எனக்கு எண்ண வரவில்லை.

மாலையில் பிள்ளைகள். பள்ளிப் பை முதுகில் இருக்கும்போதே படக்கதை அடுக்கில் போய் விழுவார்கள். நூலகரின் குணம் தெரிவது இந்த நேரத்தில்தான். 'சத்தம் போடாதே' என்று விரட்டுகிறவரும் உண்டு, புதிதாக வந்த கட்டிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்து 'இதைப் படிச்சுட்டு வந்து எனக்குக் கதை சொல்லு' என்று கொடுக்கிறவரும் உண்டு. இரண்டாம் வகை நூலகர் இருக்கும் பேட்டை கொடுத்து வைத்தது. என் சிறு வயதில் அப்படி ஒருவர் இருந்தார். ஒரே நேரத்தில் ஒரு புத்தகம்தான் என்று அட்டையில் இருக்கும், அவர் தன் பெயரில் இன்னொன்று பதிந்து என் கையில் தருவார்.

கைபேசியில் எல்லாம் கிடைக்கிறதே, இனி நூலகம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்வது இந்த மூன்று கூட்டத்தையும்தான். பெரியவர்களுக்குப் பத்திரிகையோடு மனிதர்கள் கிடைக்கிறார்கள், தேர்வு எழுதுகிறவர்களுக்கு அமைதி கிடைக்கிறது, பிள்ளைகளுக்குப் புத்தகத்தோடு ஒரு ஆள் கிடைக்கிறார். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரிய நூல்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, அவசியம் பாருங்கள். அதையும் ஒரு நூலகரிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

குறைகளையும் சொல்ல வேண்டும்

வசூலான நூலக வரியை உள்ளாட்சிகள் உரிய நேரத்தில் ஒப்படைக்காமல் நிலுவை வைப்பது பழைய பிரச்சினை. பணம் வராமல் போனால் பத்திரிகை நிற்கும், கூரை ஒழுகும், புதுப் புத்தகம் தாமதமாகும். பல கிளை நூலகங்கள் இன்னமும் வாடகைக் கட்டடத்தில், மாடிப்படி ஏறிப் போகும் இடத்தில் இருக்கின்றன. படிக்க நேரமிருக்கும் வயதானவர்களால் அந்தப் படியை ஏற முடிவதில்லை. பல இடங்களில் நூலகர் ஒருவரே கதவு திறந்து, பெருக்கி, பத்திரிகை அடுக்கி, புத்தகம் கொடுத்து, கணக்கும் எழுத வேண்டியிருக்கிறது. அவர் விடுப்பு எடுத்தால் நூலகமும் விடுப்பு.

2006-க்குப் பிறகு அண்ணா மறுமலர்ச்சித் திட்டத்தில் ஊராட்சிதோறும் ஒரு நூலகக் கட்டடம் எழுப்பினார்கள். நல்ல எண்ணம். ஆனால் கட்டடத்துக்கு இருந்த பணம் ஆளுக்கும் தொடர்ந்து வாங்க வேண்டிய புத்தகத்துக்கும் இல்லாததால், அவற்றில் நிறைய பூட்டிக் கிடந்தன. நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும் உயிரி என்று இரங்கநாதன் சொன்னதை அங்கே போய்ப் பார்த்தால் புரியும். வளர்ச்சி நின்றதும் அது செத்துவிடுகிறது.

கழிப்பறையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நூலகத்துக்குப் பெண்கள் ஏன் குறைவாக வருகிறார்கள் என்று கூட்டம் போட்டு யோசிப்பார்கள். காலை ஒன்பது மணிக்கு வந்த பெண் மாலை வரை எங்கே போவாள் என்று கேட்டால் பாதி விடை கிடைத்துவிடும். ஆயிரம் புதுப் புத்தகத்துக்கு முன்னால் தண்ணீர் வரும் ஒரு கழிப்பறை வேண்டும் என்பேன் நான்.

யாழ்ப்பாணத்தில் நடந்தது

ஓர் ஊருக்கு நூலகம் என்னவாக இருக்க முடியும் என்று தெரிய வேண்டுமானால் யாழ்ப்பாணத்தைப் பார்க்க வேண்டும். 1933-இல் க.மு. செல்லப்பா என்பவர் தன் வீட்டில் சிறிதாகத் தொடங்கிய இலவச நூலகம் அது. பிறகு ஊரே சேர்ந்து பணம் திரட்டி, 1959-இல் அழகான கட்டடம் எழுந்தது. 1981-இல், மே கடைசியும் ஜூன் தொடக்கமுமான அந்த நாள்களில், அதை எரித்தார்கள். ஏறக்குறைய 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் சாம்பலாயின. அந்த ஊர்க்காரர்கள் இன்றும் அதைச் சொந்த வீட்டுச் சாவுபோலத்தான் பேசுகிறார்கள். வேறு பிரதியே இல்லாத சுவடிகள் அதில் இருந்தன. கட்டடம் பின்னர் மீண்டும் எழுந்தது, புத்தகங்கள் உலகெங்கிலுமிருந்து போய்ச் சேர்ந்தன. போன சுவடி போனதுதான்.

சரி, எப்படிச் சேர்வது?

உள்ளே போய் உட்கார்ந்து படிக்க எதுவும் தேவையில்லை. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகத்தான் உறுப்பினராக வேண்டும். விண்ணப்பப் படிவம் நூலகத்திலேயே தருவார்கள். முகவரிக்கு ஆதார் போன்ற ஒரு சான்று, திரும்பக் கிடைக்கக்கூடிய ஒரு சிறு காப்புத்தொகை, அதைவிடச் சிறிய ஆண்டுச் சந்தா. ஒரு வேளை ஓட்டல் சாப்பாட்டுச் செலவுக்குள் முடிந்துவிடும். எத்தனை புத்தகம் எடுக்கலாம் என்பது கட்டும் தொகையைப் பொறுத்தது. இரண்டு வாரம் அளவுக்கு வைத்துக்கொள்ளலாம், வேறு யாரும் கேட்டிராவிட்டால் நீட்டித்துக்கொள்ளலாம். தாமதமானால் சில காசு அபராதம். அதற்குப் பயந்து புத்தகத்தைத் திருப்பாமலே விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். கொண்டுபோய்க் கொடுங்கள், யாரும் திட்ட மாட்டார்கள்.

நடக்க முடியாதவர்கள் வீட்டில் இருந்தால் 'நூலக நண்பர்கள்' பற்றிக் கேளுங்கள். 2022-இல் தொடங்கிய திட்டம். தன்னார்வலர்கள் புத்தகத்தை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்து வாங்கிப் போவார்கள். மன்னார்குடி மாட்டு வண்டியின் பேரப்பிள்ளை இது.

கொஞ்சம் வசதி இருந்தால் 1,000 ரூபாய் கட்டிப் புரவலர் ஆகலாம். பெயரைப் பலகையில் எழுதி வைப்பார்கள். நூலகத்தில் வாசகர் வட்டம் இருந்தால் அதில் சேரலாம், இல்லையென்றால் நாலு பேர் சேர்ந்து நூலகரிடம் கேட்டுத் தொடங்கலாம். நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம், அப்போது கேட்டால் எளிதாக நடக்கும். பழைய புத்தகம் கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். வீட்டைக் காலி செய்யும்போது மிஞ்சிய பத்து வருஷத்துக்கு முந்தைய வழிகாட்டிகளை மூட்டை கட்டிக் கொண்டுபோய் இறக்காதீர்கள். அடுத்த ஆள் விரும்பிப் படிப்பார் என்று உங்களுக்குத் தோன்றுகிறவற்றை மட்டும் கொடுங்கள்.

இதெல்லாம் முடியாவிட்டாலும் ஒன்று செய்யலாம். வாசலுக்குப் பக்கத்தில் ஒரு சிறு மேசையில் நூல் கட்டிய பேனாவோடு வருகைப் பதிவேடு விரித்து வைத்திருக்கும். பத்திரிகை பார்க்கத்தானே வந்தோம் என்று பலர் கையெழுத்துப் போடாமல் உள்ளே போய்விடுகிறார்கள். ஒவ்வொரு மாதமும் நூலகர் மேலே அனுப்பும் கணக்கில் எத்தனை பேர் வந்தார்கள், எத்தனை புத்தகம் வெளியே போனது என்று எழுத வேண்டும். சொந்தக் கட்டடம் கேட்கும்போதும், இன்னோர் ஆள் கேட்கும்போதும், நூலகத்தைத் தரம் உயர்த்தக் கேட்கும்போதும் அந்த எண்ணைத்தான் காட்ட முடியும்.

டிக்கெட் எடுக்கணுமா என்று கேட்ட அக்காவை அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் கூட்டிப் போனேன். கிளை நூலகங்களுக்குப் பெரும்பாலும் வார விடுமுறை வெள்ளிக்கிழமை, ஞாயிறு திறந்திருக்கும். மல்லிகை வாசனை கலந்த எண்ணெய் மணமும் பழைய காகித மணமுமாக இருந்த அறையில், அவர் முதலில் சமையல் புத்தகம் ஒன்றைப் புரட்டினார். அப்புறம் அதை வைத்துவிட்டு ஒரு நாவலை எடுத்து, ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டார். கிளம்பும்போது பதிவேட்டைக் காட்டினேன். பெயர், முகவரி, நேரம். கையெழுத்துக் கட்டத்தில் தன் முழுப் பெயரையும் நிதானமாக எழுதினார். அன்றைக்கு அவர் முப்பத்தேழாவது ஆள்.